இல்மா போட்ட ஓட்டு

கிராண்ட் ராபிட்ஸ்
செப்டம்பர் 9

அண்ணா,

ஜூன் மாதம் தொலைபேசியில் இருவரும் கத்திக்கொண்ட பிறகு, இனி சொல்ல வேண்டியதை எழுதிச் சொல் என்றேன். கோடை முடிந்துவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சரி, நானே தொடங்குகிறேன்.

இங்கே பயிற்சி மையத்தில் என் வேலையை வசந்தகாலம் வரை நீட்டித்திருக்கிறார்கள். என்னைப் போலப் பிறவியிலிருந்தே பழகாமல், புதிதாகப் பார்வை போனவர்களுக்கு அடுப்பில் சமைக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இப்போதும். நேற்று ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி முதல்முறையாக முட்டையை ஓடு விழாமல் உடைத்தார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவர் பேச்சை நிறுத்த முடியவில்லை.

என் விலாசம் இன்னும் அங்கேதான். அதனால் ஓட்டும் அங்கேதான். ஜோலீனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஊராட்சி எழுத்தர் அவள்தானே. ஆனால் இந்தமுறை என் ஓட்டுக்காக நீ சிரமப்பட வேண்டாம். தபால் ஓட்டு வேண்டும் என்று நானே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன். சீட்டு கணினிக்கே வரும், குறித்து அச்சடித்துத் தபாலில் போட வேண்டும். கணினி வாசித்தது, நான் தட்டினேன், பக்கத்தில் யாரும் இல்லை. அடையாள அட்டை எண், பிறந்த தேதி, இன்னும் ஏதோ நான்கு இலக்கம். கடைசியில் ஒன்று கேட்டது: கண்ணின் நிறம்.

பழுப்பு என்று போட்டேன். விவரம் பொருந்தவில்லை என்றது. எழுத்துப் பிழையோ என்று மறுபடி பழுப்பு. மறுபடி பொருந்தவில்லை. பிறகு அட்டையை மேசையில் வைத்துத் தொலைபேசியை அதன்மேல் பிடித்தேன். அதிலிருக்கும் பெண்குரல் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "கண்கள்: நீலம்" என்றது. நீலம் என்று போட்டதும் உடனே ஏற்றுக்கொண்டது.

எனக்கு ஐந்து வயதிலிருந்து பழுப்புக் கண்கள், அண்ணா. அம்மாவின் கண்கள் என்று சொன்னவன் நீ.

கோபமில்லை, விசித்திரமாக இருக்கிறது. அதோடு இன்னொரு கேள்வியும் வந்துவிட்டது. இரண்டு நாள் தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. பதினெட்டு வயதிலிருந்து என் ஓட்டுச்சீட்டு ஒவ்வொன்றையும் நீதான் வாசித்தாய், நீதான் குறித்தாய். நான் சொன்னதைத்தான் குறித்தாயா?

பதிலைத் தட்டச்சு செய். உன் கையெழுத்தைத் தொலைபேசியால் வாசிக்க முடியவில்லை. மே மாதம் என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வாழ்த்தை அது மளிகைச் சாமான் பட்டியல் என்று நினைத்துக்கொண்டது.

இல்மா

*

செப்டம்பர் 17

இல்மா,

ஊராட்சி அலுவலகக் கணினியில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஜோலீன் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறாள்.

முதலில் கண். உனக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மாவோடது என்கிட்ட எது இருக்கு?"ன்னு கேட்டாய். உன்னைப் பார்த்தேன். மூக்கு அப்பாவுடையது, தலைமுடி அப்பாவுடையது, கண்ணும் அப்பாவுடையது. ஒன்றுமில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கண் என்று சொன்னேன். நீ அன்றைக்கு அழாமல் தூங்கினாய். பொய்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டாவது கேள்வியை நீ கேட்டிருக்கக் கூடாது. ஜோலீன் முன்னால் இதை அடிப்பதற்கே கை கூசுகிறது. நீ சொன்னதைத்தான் குறித்தேன். பள்ளி வாரியத்துக்கு ஹெலன் மக்கி நின்றபோது நீ அவள் பேரைச் சொன்னாய். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது, உனக்கும் தெரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவள் பேருக்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினேன். போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். பெயர்களை உனக்கு அந்தக் கணினிதான் வாசிக்குமா? அது தப்பாக வாசித்தால்? நீ குறித்தது ஒன்று, அது அச்சடிப்பது இன்னொன்று என்றால் உனக்கு எப்படித் தெரியும்? கூடப்பிறந்தவனை நம்ப முடியாது, பேர் ஊர் தெரியாத யாரோ எழுதிய நிரலை நம்பலாம், அப்படித்தானே?

உனக்கு விஷயம் எட்டியிருக்கும். இந்தமுறை ஊராட்சித் தலைவர் பதவிக்கு டோரீன் ஹைக்கினென் எனக்கு எதிராக நிற்கிறாள். வீடு வீடாகப் போய், ஊராட்சி நிறுத்திவிட்ட பயணிகள் வண்டியைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறாள். போன வாரம் தீயணைப்புக் கூடத்தில் பான்கேக்கும் சிரப்பும் போட்டுக் காலைச் சாப்பாடு நடந்தது. அங்கே வந்து என் தட்டிலேயே ஒரு துண்டறிக்கையை வைத்துவிட்டு, "சிரப்பு படாம பாத்துக்கோ வெர்ன், படிக்கணும்ல" என்றாள்.

நேரடியாகக் கேட்கிறேன். யாருக்குப் போடப்போகிறாய்?

வெர்ன்

*

கிராண்ட் ராபிட்ஸ்
செப்டம்பர் 25

அண்ணா,

உன் கடிதத்தைத் தொலைபேசி வாசித்துக் கேட்பது வேடிக்கையாக இருக்கிறது. நீ கோபமாக எழுதியதையெல்லாம் அந்தப் பெண் வானிலை அறிக்கை மாதிரி வாசிக்கிறாள். "நீ இதைக் கேட்டிருக்கக் கூடாது. முற்றுப்புள்ளி." உன் குரலில் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இப்போது இரண்டாம் தடவை கேட்டபோது, ஒன்பது வயதுப் பையன் சமையலறையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுதான் மனதில் வந்தது. அந்தப் பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன். அட்டைக்கு நீலம், எனக்குப் பழுப்பு.

ஹெலன் மக்கி விஷயத்துக்கு நன்றி. நம்புகிறேன்.

ஆனால் என் கேள்வி நீ பேனாவால் என்ன செய்தாய் என்பதோடு முடியவில்லை. நம் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார். நீ ஒவ்வொரு பதவியாக வாசிப்பாய். நீதிபதி, ஷெரீஃப், பூங்கா வரி. நானும் சொல்லிக்கொண்டே வருவேன். அப்புறம் கொஞ்சம் நிறுத்துவாய். பேனா மேசையில் இரண்டு தட்டுத் தட்டும். "ஊராட்சித் தலைவர்?" என்பாய். நான், "நீதான், வேற யாரு" என்பேன். நீ சிரித்துக்கொண்டே நிரப்புவாய். வேறு யாருக்காவது போட விரும்பினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்த மேசையில் உட்கார்ந்து அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது என் வாயில் எந்தப் பெயர் வரும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ஆவல் என்று சிரிக்காதே.

வண்டி பற்றியும் எழுதிவிடுகிறேன். தொலைபேசியில் உன்னைத் திட்டினேனே தவிர, நடந்ததைச் சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. பாடகர் குழு ஒத்திகைக்குக் கிளம்பி வழக்கமான இடத்தில் நின்றேன். மழை பனிக்கட்டியாக விழுந்துகொண்டிருந்தது. வண்டி வரவில்லை. தாமதம் என்று நினைத்தேன். கோட்டின் கை விறைத்துப் பலகை மாதிரி ஆன பிறகு ஒரு டிரக் வந்து நின்றது, நம் ஊர்ப் பெரியவருடையது. வெஸ்லி. "இல்மா, வண்டியத்தான் நிறுத்திட்டாங்களே. ஊராட்சிக் கூட்டத்துல முடிவாச்சு. உங்க அண்ணன் சொல்லலையா?" என்றார்.

நீ அன்று மாலை, "அதுக்கென்ன இப்போ, நான் இருக்கேன்ல" என்றாய்.

அதனால்தான் இங்கே வந்தேன், அண்ணா. வேலைக்காக மட்டும் இல்லை. வியாழக்கிழமை எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு இறங்குவதுதான் எனக்கு அந்த வண்டி. நீ இருக்கிறாய் என்பது தெரியும். நீ எப்போதும் இருக்கிறாய்.

யாருக்கு என்று நீ கேட்டதற்கு: சொல்ல மாட்டேன்.

இல்மா

*

அக்டோபர் 4

இல்மா,

கூட்டம் முடிந்த அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தப்பு. நீ மழையில் நின்றது எனக்குத் தெரியாது. வெஸ்லியும் என்னிடம் சொல்லவில்லை.

வண்டி விஷயம் தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஓட்டிக்கொண்டிருந்த எட் முதுகுவலி என்று விலகிவிட்டான். வண்டியின் தரை துருப்பிடித்து, பின்னிருக்கையில் உட்கார்ந்தால் சாலை தெரிந்தது. பாதி நாள் காலியாக ஓடியது. உன்னை நான் எங்கே கூட்டிப்போகவில்லை, சொல். பல் வைத்தியர், தேவாலயம், அந்தப் பாட்டு ஒத்திகை. பாட்டு முடியும்வரை வெளியே டிரக்கில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அந்தப் பாட்டுகள் எல்லாம் மனப்பாடம்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். ஜோலீன் சாப்பிடப் போனபோது அவள் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று. எண் போட்டேன், தேதி போட்டேன். கண் நிறம் வந்தது. எனக்குத் தெரியவில்லை. அறுபத்திரண்டு வயதில் என் கண் என்ன நிறம் என்று சத்தியமாகத் தெரியவில்லை. வெளியே போய் பனி தள்ளும் டிரக்கின் கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் என்று சொல்லலாம், நீலம் என்றும் சொல்லலாம். உள்ளே வந்தால் ஜோலீன் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "நீயே தலைவர், ஓட்டுச்சாவடி உன் ஆபீசுக்குள்ளேயே இருக்கு, உனக்கு எதுக்குத் தபால் ஓட்டு?" என்றாள். பக்கத்தை மூடிவிட்டேன்.

உன் ஓட்டுச்சீட்டுக்கான இணைப்பை உனக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். இந்த ஊரிலிருந்து இப்படிக் கேட்டது நீ ஒருத்திதானாம்.

அதை எப்படிப் போடுவாய்? நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். யாருக்கு என்று கேட்கவில்லை, எப்படி என்றுதான்.

வெர்ன்

*

கிராண்ட் ராபிட்ஸ்
அக்டோபர் 14

அண்ணா,

போட்டுவிட்டேன். எப்படி என்று கேட்டாயே, சொல்கிறேன்.

ஞாயிறு காலை, மையத்தில் எல்லோரும் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். கணினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு, உள்ளே யாராவது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்களா என்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டேன்.

கணினி பதவியையும் பெயர்களையும் வாசிக்கும். வேண்டிய பெயர் வந்ததும் ஒரு விசை. மனம் மாறினால் மறுபடி அதே விசை, குறி நீங்கிவிடும். நீதிபதி, ஷெரீஃப் எல்லாம் வேகமாக முடிந்தது. பூங்கா வரிக்கு நம் மேசையில் எப்போதும் சரி என்பேன். அன்று வேண்டாம் என்று போட்டேன். பூங்காவுக்கு நான் போனதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஊராட்சித் தலைவர். "டோரீன் ஹைக்கினென்." அடுத்த விசை. "வெர்ன் கெம்பைனென்." நம் குடும்பப் பெயரை அது கொலை செய்தது, போகட்டும். ஆனால் இரண்டு பெயரையும் ஒரே தொனியில் சொன்னது. மேசையைத் தட்டவில்லை. டோரீன் பெயரையும் உன் பெயரையும் ஒரே அளவு குரலில் நான் கேட்டது அதுதான் முதல்தடவை. முன்னும் பின்னுமாகப் பலமுறை கேட்டேன். இரண்டு பேரைப் பற்றியும் நிதானமாக யோசித்தேன். பிறகு ஒன்றில் நிறுத்தினேன். எந்தப் பெயர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது, தீர்மானம் வந்ததும் விசையை ஒரே அழுத்தில் அழுத்திவிட்டேன்.

அச்சடித்ததை நம்பாதே என்றாயே, நீ சொன்னது சரி. தாள் வெளியே வந்தது, எடுத்து மடித்துவிட்டேன். உன் வார்த்தை ஞாபகம் வந்து தொலைபேசியை மேலே பிடித்தால், "எழுத்து எதுவும் இல்லை" என்கிறாள். மை தீர்ந்துபோன அச்சுப்பொறி. வெற்றுத்தாளை அனுப்பியிருப்பேன். வேறு பொறியில் எடுத்து, வாசிக்கவைத்து, நான் குறித்ததெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். உறையில் சரியான இடத்தில் கையெழுத்துப் போட, நடுவில் சாளரம் வெட்டிய ஒரு அட்டை வைத்திருக்கிறேன். தபால்பெட்டிக்கு நானே நடந்து போய்ப் போட்டேன். திரும்பி வரும்போது பசி எடுத்தது. நல்ல பசி.

பாட்டு மனப்பாடம் என்று எழுதியிருந்தாய். நீ வெளியே காத்திருந்தது எனக்குத் தெரியும். உன் டிரக் இஞ்சினுக்குப் பயந்து எங்கள் கூட்டத்தில் யாரும் மெதுவாகப் பாடுவதே இல்லை.

இல்மா

*

நவம்பர் 8

இல்மா,

செய்தி உனக்கு இன்னும் வந்திருக்காது. இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பதினொன்று. சமம்.

இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள். நான் அலுவலகத்துக்கு வெளியே டிரக்கில் உட்கார்ந்திருந்தேன். டோரீன் அவள் காரில். ஜோலீன் வெளியே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில், பனியில், மேலே கோட்டுகூட இல்லாமல் நின்றாள். எந்தப் பக்கம் முதலில் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே நின்றபடியே கத்திச் சொன்னாள்.

இனி மாவட்ட நீதிமன்றத்தில் சீட்டுக் குலுக்கல். சட்டம் அப்படித்தானாம். ஒரு பெட்டி, இரண்டு மடித்த தாள்.

எட்டு வருஷம் இந்த ஊர்ச் சாலையில் பனி தள்ளியிருக்கிறேன், நூலகக் கூரை போட்டிருக்கிறேன், எல்லாம் கடைசியில் ஒரு பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுப்பதற்கா என்று இருக்கிறது. தூக்கம் இல்லை. ஊரில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவன் போட்டானா இவள் போட்டாளா என்று கணக்குப் போடுகிறேன். ஒரு ஓட்டு, இல்மா. ஒன்று கூடியிருந்தால் ஜெயித்திருப்பேன், ஒன்று குறைந்திருந்தால் தோற்றிருப்பேன். ஆகவே நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய், அல்லது கீழே இழுத்துவிட்டிருக்கிறாய். இரண்டில் ஒன்று. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சொல்லிவிடு. எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

வெர்ன்

*

கிராண்ட் ராபிட்ஸ்
நவம்பர் 13

அண்ணா,

பாவமாகத்தான் இருக்கிறது. குலுக்கலுக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ, அந்த ஆரஞ்சுத் தொப்பி வேண்டாம்.

ஆனால் சொல்ல மாட்டேன். உனக்கு ஓட்டுப் போட்ட இருநூற்றுப் பதினொரு பேரையும் இப்படி ஒவ்வொருவராகக் கேட்பாயா? வெஸ்லியிடம் கேட்டாயா? ஜோலீனிடம்? அவர்களிடம் கேட்கக் கூடாது என்று தோன்றுகிறதல்லவா? என்னிடம் மட்டும் ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பார். சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கும் பதில் தெரியாது.

இல்மா

*

நவம்பர் 26

இல்மா,

ஜெயித்துவிட்டேன். டோரீனை முதலில் எடுக்கச் சொன்னேன். பிரித்துப் பார்த்தாள், என்னிடம் நீட்டினாள். 'தேர்ந்தெடுக்கப்படவில்லை' என்று இருந்தது. "கை குடு வெர்ன். ஆனா மக்கள் உன்ன ஜெயிக்க வைக்கல, அத மட்டும் மறந்துடாத" என்றாள். கை கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் ரேடியோ போடாமல் வந்தேன்.

இதை எழுதுவது அதற்காக இல்லை. வேறு ஒன்று நடந்தது, உனக்குத் தெரிய வேண்டும்.

மான் வேட்டை தொடங்கிய வாரம். கூட்டுறவுக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ரஸ் தொலோனன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் இந்தமுறை ஓட்டு எண்ணும் மேசையில் இருந்தவன். சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வெர்ன், வெள்ளைத்தாள்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான்" என்றான்.

"என்ன வெள்ளைத்தாள்?"

"வீட்டுல அச்சடிச்சது. அத மெஷின்ல போட முடியாது. நானும் இன்னொருத்தரும் உக்காந்து அத வழக்கமான ஓட்டுச்சீட்டுல பாத்துப் பாத்து எழுதினோம். பேரு இல்லதான். ஆனா இந்த ஊருல அப்படி யாரு அனுப்புவா? உனக்குத் தெரிஞ்சுக்கணும்னா..."

இல்மா, உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம் வாயைத் திறந்தேன். இரண்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். பரிசு கொடுக்கிறவன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். நீ கதவைச் சாத்தி, "யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டது ஞாபகம் வந்தது. இருந்திருக்கிறான், இவன்.

"வாய மூடு ரஸ்" என்றேன். "இன்னொரு வார்த்த பேசினா இந்தக் காபி உன் மடியில." காபியை அப்படியே வைத்துவிட்டு நேரே ஜோலீனிடம் போனேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரஸ்ஸை இனி எண்ணும் மேசைக்குக் கூப்பிடமாட்டாள். மாவட்டத்துக்கும் எழுதிவிட்டாள்.

அவன் என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியாது. இனி உன்னிடமும் கேட்கமாட்டேன். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஏப்ரலில் சொல்லாமல் விட்டது போதும்.

வெர்ன்

*

கிராண்ட் ராபிட்ஸ்
டிசம்பர் 5

அண்ணா,

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு வெளியே போய் நடந்தேன். கோபம் ரஸ் மேல் மட்டும் இல்லை. நான் மை சரிபார்த்தேன், கதவு சரிபார்த்தேன். என் தாள் ஒன்றே ஒன்றாகப் போய் நிற்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. விண்ணப்பம் இணையத்தில் சுலபம். ஆனால் ஊரில் ஒருத்தி மட்டும் அப்படிக் கேட்டால், அது அவள் பெயர் எழுதிய தாள்தான்.

அதற்கு ஒரு வழி தோன்றுகிறது. வெஸ்லிக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து அவருடைய மருமகள்தான் அவர் சீட்டைக் குறிக்கிறாள். அவருக்கும் இப்படிக் கேட்க உரிமை உண்டு. பள்ளிக்கூடச் சாலையில் சர்க்கரை நோயில் பார்வை மங்கிக்கொண்டிருக்கும் அந்த அம்மாவுக்கும். அவர்கள் மேசையில் பேனாவை யார் தட்டுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஐந்தாறு வெள்ளைத்தாள் வந்தால் எது யாருடையது என்று எவனும் சொல்ல முடியாது. எப்படி விண்ணப்பிப்பது என்று வெஸ்லிக்கு நீ சொல்லிக்கொடு. கண் நிறத்துக்கு டிரக் கண்ணாடியைக் காட்டு.

இப்போது நான் சொல்லப்போவது, நீ கேட்காததால் சொல்வது.

டோரீனுக்குப் போட்டேன்.

ரஸ்ஸுக்கும் இன்னொரு ஆளுக்கும் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது மட்டுமே காரணம் இல்லை. இத்தனை வருஷமாக உன்னிடம் என் ஓட்டைச் சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூட நானாகச் சொன்னதில்லை. எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன்.

வண்டிக்காகத்தான். உன் மேல் உள்ள கோபத்தால் இல்லை. அந்த அறையில் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன், கோபம் இருக்கிறதா என்று. இல்லை. சாலைக்கும் கூரைக்கும் உன்னைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் வீட்டை விட்டு இறங்குவதற்கு எனக்கு ஒரு வழி வேண்டும், அதை டோரீன் தருகிறேன் என்றாள். அவ்வளவுதான்.

குலுக்கலில் நீ ஜெயித்தது எனக்குச் சந்தோஷம். இரண்டும் உண்மை.

இல்மா

*

ஜனவரி 17

இல்மா,

கிறிஸ்துமசுக்கு அட்டை மட்டும் அனுப்பினேன், எழுதவில்லை. எழுத முடியவில்லை. உன் கடிதத்தை டிரக்கில் வைத்துப் படித்தேன். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன் என்று எழுதியவன் நான். தாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் ஊரில் யார் வீட்டுக்கும் போகவில்லை. கூரையில் பனி தள்ளினேன், தள்ளிய இடத்திலேயே மறுபடி தள்ளினேன்.

வெஸ்லியிடம் மட்டும் போனேன், நீ சொன்னாயே என்று. அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை காட்டினேன். அடுத்த தேர்தலுக்கு அவரே விண்ணப்பிப்பாராம். வாசல்வரை வந்து, "மருமக நல்லவதான் வெர்ன். ஆனா நான் பேரச் சொல்றதுக்கு முன்னாடி அவ ஒரு பெருமூச்சு விடுவா" என்றார். வீட்டுக்கு வந்து, நான் மேசையைத் தட்டுவேனா என்று பேனாவோடு உட்கார்ந்து பதவிகளை உரக்க வாசித்துப் பார்த்தேன். தட்டுகிறேன். எனக்குத் தெரியவே தெரியாது.

நேற்று ஜனவரிக் கூட்டம். டோரீன் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். வண்டி விஷயத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலியாக ஓடியது என்று நான் சொன்ன வண்டிக்குப் பதினெட்டுப் பேர். அவர்களில் பாதிப் பேர் அதில் ஏறியதே இல்லை, ஏறலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

ஊராட்சி உறுப்பினர் மேசையில் ஐந்து ஓட்டு. கையைத் தூக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. அதுதான் சட்டம். ஜோலீன் பெயர் கூப்பிட்டாள். இரண்டு ஆம், இரண்டு இல்லை. கடைசியில் நான்.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. டோரீன் பார்த்தாள். வெஸ்லி பார்த்தார். 'இல்லை' என்று முன்னால் சொன்ன இரண்டு பேரும், முப்பது வருஷ நண்பர்கள், பார்த்தார்கள். யாரோ ஒருவன் நாற்காலியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். என்ன நினைக்கிறேன் என்று எனக்குள்ளே தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் முகங்கள்தான் இருந்தன. அப்போது நம் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. நீ உட்கார்ந்திருந்த பக்கம்.

கையைத் தூக்கினேன். ஆம் என்று.

வேறு வண்டி, துரு இல்லாதது. வியாழனும் வெள்ளியும் ஓடும். பழைய ஓட்டுநர் எட்டின் மகள் ஓட்டுவாள். வெள்ளிக்கிழமை ஹௌட்டன் நகரத்துப் பேருந்து நிலையம் வரை போய் வரும்.

இதை உனக்காகச் செய்தேன் என்று ஊர் சொல்கிறது. டோரீனுக்குப் பயந்து என்றும் சொல்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே தொனியில் இரண்டையும் யாராவது எனக்கு வாசித்திருந்தால் எதில் நிறுத்தியிருப்பேன்? எனக்குத் தெரியவில்லை, இல்மா. தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

வெர்ன்

*

கிராண்ட் ராபிட்ஸ்
ஜனவரி 25

அண்ணா,

உன் கடிதத்தை அந்தப் பெண்குரலை இரண்டு தடவை வாசிக்கவைத்தேன். ஏன் தூக்கினாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. இரண்டாம் வெள்ளிக்கிழமை பேருந்தில் ஹௌட்டன் வருகிறேன். அங்கிருந்து வண்டியில் ஏறிக்கொள்வேன். வழியில் யார் யார் ஏறுகிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. எட்டின் மகள் எப்படி ஓட்டுகிறாள் என்றும்.

நிறுத்தத்துக்கு வராதே. பின்னாலேயே டிரக்கில் தொடரவும் வேண்டாம், இஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். வீட்டில் இரு. சவுனா நீராவிக் குளியல் அறைக்கு விறகு போட்டு வை. இருட்டுவதற்குள் வரவில்லை என்றால் பதறாதே. வண்டி என்றால் எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் வரும்.

இல்மா